வாயைக் கட்டத் தெரிந்த ஊர்

ரமலான் மாதத்துப் பகல்களில் மேல்விஷாரத்தின் பல டீக்கடைகளில் பாய்லர் எரிவதில்லை. ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவே, பாலாற்றங்கரையில், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் தோல் பதனிடும் ஊர் இது. விடியலுக்கு முந்தைய சஹர் உணவு முடிந்து வாய் மூடினால், மாலையில் மஃரிப் பாங்கு கேட்டு நோன்பு திறக்கும்வரை பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல் சோறு கிடையாது, தண்ணீர்கூடக் கிடையாது. 2022இல் நோன்பு சித்திரை வெயிலில் வந்தது. தோல் ஷாப்பில் நின்று வேலை செய்கிறவர்களும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும், அறுபதைத் தாண்டிய பாட்டிமார்களும் அப்போதும் விடாமல் வைத்தார்கள்.

இதே ஊரிலிருந்து எடை கூடிப்போன ஒருவர் மூட்டுவலி என்றோ சர்க்கரை என்றோ ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அவர் காதில் விழும் முதல் அறிவுரை பெரும்பாலும் இதுதான்: “வாயைக் கட்டணும் பாய்.”

வாயைக் கட்டுவது எப்படி என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மனவுறுதி போதாததால்தான் உடம்பு பெருக்கிறது என்று நாம் நெடுங்காலமாக நம்பிவருகிறோம். அதைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது. நோன்புக்கு முன்பும் பின்பும் எடை பார்த்த ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அவற்றைக் கூட்டிப் பார்த்தால் கிடைக்கும் விடை எளியது: சராசரியாக ஒரு கிலோ, அல்லது சற்று அதிகம், குறைகிறது. பெருநாள் கழிந்து சில வாரங்களில் அது அப்படியே திரும்பிவிடுகிறது. நோன்புக் கஞ்சியின் மேலும் கூடவரும் சமோசாவின் மேலும் பழியைப் போடலாம். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் எடை கண்டபடி ஏறவில்லை, இருந்த இடத்துக்கே திரும்புகிறது. கவனிக்க வேண்டியது அதைத்தான். (நோன்பின் நோக்கம் இளைப்பது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடை குறையவில்லை என்பதற்காக யாரும் நோன்பைக் குறை சொல்வதில்லை.)

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சராசரி ஆள் ஒருவர் நாளுக்குச் சுமார் 2,000 கலோரி சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கும் மேல். ஒரு கிலோ கொழுப்பில் அடங்கியிருப்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஓராண்டில் உங்கள் எடை ஒரு கிலோ மட்டும் மாறியிருந்தால், வரவுக்கும் செலவுக்குமான வித்தியாசம் நூற்றுக்கு ஒன்று. கல்யாண வீட்டுப் பந்தி, ஆம்பூர் பிரியாணி, காய்ச்சலில் பட்டினி கிடந்த வாரம் எல்லாவற்றுக்கும் பிறகு கணக்கு இவ்வளவு நெருக்கமாக முடிகிறது. இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. உள்ளே ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். நாம் கையெழுத்து மட்டும் போடுகிறோம்.

அந்தக் கணக்குப்பிள்ளையை அறிவியல் பிடித்த கதை ஒரு எலியில் தொடங்குகிறது. 1949இல் அமெரிக்காவின் பார் ஹார்பர் நகரத்து ஜாக்சன் ஆய்வகத்தில், மற்ற எலிகளைப் போல மூன்று மடங்கு பெருத்த எலிகள் தற்செயலாகப் பிறந்தன. சதா தின்றுகொண்டே இருந்தன. எலிக்கு ஒழுக்கக்கேடு என்று யாரும் சொல்லவில்லை. மரபணுவில் ஏதோ கோளாறு என்றே எடுத்துக்கொண்டார்கள். நாற்பத்தைந்து ஆண்டு கழித்து, 1994இல், ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அந்த மரபணுவைக் கண்டுபிடித்தது. அது உண்டாக்கும் ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயர். கொழுப்புத் திசுவே அதைச் சுரந்து, ‘இருப்பு இவ்வளவு’ என்று மூளைக்குச் சேதி அனுப்புகிறது. சேதி வராவிட்டால், உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருந்தாலும், பஞ்சம் வந்துவிட்டதாகவே மூளை நினைத்துக்கொள்ளும்.

எலியில் சரி, மனிதரில்? 1997இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓராஹிலியும் சதஃப் ஃபரூக்கியும் அடங்கிய குழு இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதியது. இங்கிலாந்தில் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பம், உறவுக்குள் திருமணம், இரு குழந்தைகளும் ஒன்றுவிட்ட அக்காளும் தம்பியும். எட்டு வயதுப் பெண்ணின் எடை 86 கிலோ. இரண்டு வயதுப் பையனின் எடை 29 கிலோ. இருவர் இரத்தத்திலும் லெப்டின் இல்லை என்றே சொல்லலாம். பிறந்தபோது இருவருமே சாதாரண எடைதான். சில மாதங்களில் பசி தொடங்கியது. பிறகு அது அடங்கவே இல்லை. தட்டு காலியானதும் அடுத்த தட்டுக்கு அழுகை, மறுத்தால் ஆவேசம்.

இப்படி ஒரு குழந்தை நம் தெருவில் இருந்தால் என்ன சொல்வோம்? “அம்மாக்காரி கண்டதையும் ஊட்டி வளர்க்கிறா” என்போம். லண்டன் தெருவிலும் அதையேதான் சொல்வார்கள். இதே கேம்பிரிட்ஜ் குழு பின்னர் குரோமோசோம் 16இல் ஒரு துண்டு விடுபட்டுப்போன குழந்தைகளைக் கண்டுபிடித்து 2009 டிசம்பரில் அறிவித்தது. அவர்களில் சிலரைப் பெற்றோர் வேண்டுமென்றே அளவுமீறி ஊட்டுகிறார்கள் என்று சந்தேகித்து, சமூகநலத் துறையே ஆபத்துப் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தது. மரபணு முடிவு வந்த பிறகுதான் பெயர்கள் நீக்கப்பட்டன.

அந்த இரண்டு குழந்தைகளில் மூத்தவளுக்கு தினமும் லெப்டின் ஊசி போடத் தொடங்கினார்கள். அதன் விளைவு 1999இல் வெளியானது. ஓராண்டில் பதினாறு கிலோவுக்கும் மேல் குறைந்தது. குறைந்ததில் பெரும்பங்கு கொழுப்பு. எனக்கு எடைக் கணக்கைவிட முக்கியமாகப் படுவது சாப்பாட்டு மேசையில் நடந்ததுதான். சிறுவனுக்கு ஊசி தொடங்குவதற்கு முன் ஒரு வேளைக்கு வேண்டிய மட்டும் சாப்பிடவிட்டு அளந்தார்கள்: பெரியவர் ஒருவரின் பாதி நாள் உணவை ஒரே அமர்வில் முடித்தான். ஊசி தொடங்கிய பின் அதே மேசையில் சில வாய் சாப்பிட்டுவிட்டு, போதும் என்று தட்டைத் தள்ளினான். அவனுக்கு யாரும் புத்தி சொல்லவில்லை, பழக்கம் மாற்றவில்லை. இரத்தத்தில் ஒரு புரதம் சேர்ந்தது, அவ்வளவுதான். மற்றவர்கள் அவன் குணம் என்று நினைத்தது குணமே அல்ல.

நம்மூருக்கும் இதில் பங்குண்டு. தமிழ்நாட்டில் நான்கு திருமணங்களில் ஒன்றுக்கும் மேல் உறவுக்குள் நடக்கிறது என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அத்தை மகள், மாமன் மகன், அக்காள் மகள் என்று இந்த வழக்கம் எல்லா மதத்திலும் சாதியிலும் வெவ்வேறு வடிவில் இருக்கிறது. தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒரே பழுதான மரபணு வந்து சேர வாய்ப்பு கூடும் இடம் அது. உறவுத் திருமணம் மிகுந்த பாகிஸ்தானியக் குடும்பங்களில் கடும் உடற்பருமன் உள்ள குழந்தைகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ முப்பது சதவீதம் பேருக்கு ஒற்றை மரபணுக் கோளாறே காரணமாக இருந்தது. ஐந்து வயதுக்குள் அளவுமீறிய எடையும் தணியாத பசியும் சேர்ந்து வந்தால், தாயைக் கேள்வி கேட்பதற்கு முன் மரபணுப் பரிசோதனையைக் கேட்க வேண்டும்.

இந்தக் கதையைக் கேட்டவுடன் எல்லோருக்கும் ஒரு ஆசை வரும்: எனக்கும் லெப்டின் குறைவாக இருக்குமோ? இருக்காது. பெருத்த உடம்பு உள்ள பெரும்பாலோருக்கு லெப்டின் கூடுதலாகவே இருக்கிறது. மூளைதான் அதைச் சரியாகக் கேட்பதில்லை. அவர்களுக்கு லெப்டின் ஊசி போட்டுப் பார்த்தார்கள், பெரிதாகப் பலன் இல்லை. இந்த இரு குழந்தைகளைப் போன்றவர்கள் மிக அரிது. ஆனாலும் பசி என்பது உடம்பின் வேதியியல் என்பதை மறுக்க முடியாதபடி காட்டியவர்கள் அவர்கள்தாம்.

மற்றவர்களின் கதை இவ்வளவு துல்லியமாக வெட்டி எடுக்க முடியாதது. கனடாவில் கிளாட் பூஷார் என்பவர் பன்னிரண்டு ஜோடி ஒரே கரு இரட்டையரை விடுதியில் தங்கவைத்து, நூறு நாட்களில் 84 நாள், நாளுக்கு ஆயிரம் கலோரி கூடுதலாக ஊட்டினார். 1990இல் வந்த முடிவில், எல்லோரும் ஒரே அளவு கூடுதலாகச் சாப்பிட்டும் ஒருவர் 4.3 கிலோதான் ஏறினார், இன்னொருவர் 13.3 கிலோ ஏறினார். இரட்டையரில் ஒருவர் அதிகம் ஏறினால் மற்றவரும் அதிகம் ஏறினார். அதாவது, “நானும்தான் பிரியாணி சாப்பிடறேன், எனக்கு ஏறலையே” என்று சொல்கிறவர் தன் ஒழுக்கத்தைச் சொல்லவில்லை, தன் தாத்தாவைச் சொல்கிறார்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. மரபணுதான் காரணம் என்றால், நம் பாட்டிகளும் அதே மரபணுவோடுதானே இருந்தார்கள்? தமிழ்நாட்டில் 2015–16 குடும்பநல ஆய்வில் பெண்களில் 30.9 சதவீதம் பேருக்கு எடை அதிகம். 2019–21 ஆய்வில் அது 40.4. ஆண்களில் 28.2 சதவீதம் 37.0 ஆனது. ஐந்தாண்டில் மரபணு மாறாது. சரிதான். ஆனால் அதே கையோடு இன்னொன்றையும் கேட்டுவிட வேண்டும்: ஐந்தாண்டில் நூற்றில் பத்துத் தமிழ்ப் பெண்களின் மனவுறுதி கரைந்துபோனதா? அதுவும் சாத்தியமில்லை. மரபணுவும் குணமும் இரண்டுமே இருந்த இடத்தில் இருக்க, சுற்றிலும் இருந்த ஊர்தான் மாறியது. மாறிய ஊரில் யார் உடம்பு சீக்கிரம் ஏறும், யார் உடம்பு தாக்குப்பிடிக்கும் என்பதை மரபணு பிரித்து வைக்கிறது.

அந்த மாற்றத்தை இந்தத் தோல் வட்டாரத்தில் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்தில் ஈரத் தோலைக் குழியிலிருந்து இழுத்துப் போடுவதும், திருப்புவதும், வளைந்து நின்று சதை சுரண்டுவதும் ஆள் வேலை. பிறகு டிரம் வந்தது, இயந்திரம் வந்தது. அதன் பிறகு ஷூ கம்பெனிகள் வந்தன. ஆம்பூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறும் பெண்கள் ஸ்டிச்சிங் வரிசையில் மெஷின் முன்னால் உட்காருகிறார்கள். வலது கால் பெடலில், கண் ஊசியில், இரண்டு கைகளும் ஷூவின் மேல்பகுதித் தோலைத் திருப்பிக்கொண்டே இருக்கும். மணிக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட் இருக்கும். எழுந்து நடப்பது டீ நேரத்திலும் டப்பா திறக்கும் நேரத்திலும்தான். முதுகு ஒடிகிற வேலை, ஆனால் உடம்பு கொழுப்பைச் செலவழிக்கிற வேலை அல்ல. நாற்று நட்ட தாயின் களைப்புக்கும் மகளின் களைப்புக்கும் பெயர் ஒன்றுதான், கலோரிக் கணக்கு வேறு. வீடு திரும்பியதும் சமையல் காத்திருக்கிறது. “ஒரு மணி நேரம் வாக்கிங் போங்கம்மா” என்று சொல்கிற மருத்துவர், அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும் என்று சொல்வதில்லை.

உணவும் மாறியது. ஆற்காட்டு மக்கன் பேடா பழைய பாவம். மைதாவும் கோவாவும் பிசைந்து, உள்ளே பருப்பு வைத்து, பொரித்து, பாகில் ஊறப்போட்டது. அதைச் சாப்பிட்டவருக்குத் தாம் இனிப்பு சாப்பிட்டோம் என்று தெரியும். தெரியாமல் உள்ளே போவதுதான் புதியது. ஆய்வாளர் கெவின் ஹால் 2019இல் அமெரிக்காவில் இருபது பேரை ஆய்வகத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் செய்த பாக்கெட் உணவும், இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தார். இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து சமமாகப் பரிமாறப்பட்டன. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு கொடுத்த நாட்களில் அவர்கள் நாளுக்கு 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டு வாரத்தில் ஒரு கிலோவுக்கு அருகே ஏறினார்கள். அதே ஆட்கள், அதே மனவுறுதி.

வேலூர் வட்டாரத்துக்கு இன்னொரு தனிக்கதை உண்டு. 1969 முதல் 1973 வரை வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியினர் வேலூர் நகரத்திலும் கே.வி.குப்பம் பகுதிக் கிராமங்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எடையையும் நீளத்தையும் குறித்து வைத்தார்கள். அந்தப் பழைய பதிவேடுகளை வைத்துக்கொண்டு, அந்தக் குழந்தைகள் இருபத்தெட்டு வயதை எட்டியபோது 2,218 பேரைத் தேடிப்பிடித்துச் சர்க்கரை பார்த்தார்கள். இந்த மண்ணில் நடந்த அருமையான வேலைகளில் ஒன்று என்று இதைச் சொல்வேன். சிறுவயதில் இருந்த இடத்திலிருந்து பெரியவர் ஆவதற்குள் எடை அதிகமாகத் தாவியவர்களிடம் சர்க்கரைக் கோளாறு அதிகம் இருந்தது. குறைவான உணவுக்குத் தயாராகி வந்த உடம்பு, நிறைய உணவைச் சந்திக்கும்போது தடுமாறுகிறது.

புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் லான்செட் இதழில் ஒரு படம் வெளியிட்டார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆண்கள்: அவரும், லண்டன் நண்பர் ஜான் யூட்கினும். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3, அட்சர சுத்தமாகச் சமம். யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். யாஜ்னிக் உடம்பில் 21.2. நம் ஒல்லி வேறு, அவர்கள் ஒல்லி வேறு. நமக்குத் தசை குறைவு, வயிற்றைச் சுற்றிய கொழுப்பு அதிகம். அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23இலேயே எடை அதிகம் என்றும், 25இல் பருமன் என்றும் எல்லை இறக்கப்பட்டது. ஒல்லியாக இருப்பதையே ஒழுக்கத்துக்கான பதக்கமாகக் குத்திக்கொண்டு திரிகிறவர்களை நான் இந்தப் படத்தைப் பார்க்கச் சொல்வேன்.

நாம் எப்போதும் பருமனை வெறுத்தவர்களும் இல்லை. கொழுகொழு குழந்தைதான் அழகு. பூசினாற்போல இருக்கும் பெண்ணுக்கு ‘குடும்பக் களை’ உண்டு. தொண்ணூறுகளில் மெத்தென்ற இட்லிக்கு குஷ்பு பெயரை வைத்தது இந்த நாடுதான். அது கேலி இல்லை, கொண்டாட்டம். இன்னொரு பக்கம் சினிமாவில் உசிலைமணி, பிந்து கோஷ் திரையில் வந்து நின்றாலே சிரிப்பு. கல்யாணம் என்ற நடிகரின் பெயருக்கு முன்னால் ‘குண்டு’ ஒட்டிக்கொண்டது, கடைசிவரை உதிரவில்லை. இன்று நிலைமை இன்னும் கோணல். ஐந்து வயதில் “சாப்பிடு, இன்னும் ஒரு வாய்” என்று துரத்தித் துரத்தி ஊட்டிய அதே கை, இருபத்திரண்டில் பெண் பார்க்க வரும்போது “வாயைக் கட்டினாத்தானே” என்று தட்டை இழுக்கிறது.

இந்த ஏச்சிலிருந்து தப்பிக்க நம் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். தைராய்டு.

“ஏன் இப்படி வெயிட் போட்டுட்ட?”

“தைராய்டு இருக்குக்கா.”

“அய்யோ, பாவம். அது அப்படித்தான்.”

அந்த நொடியில் குற்றவாளி நோயாளி ஆகிவிடுகிறாள். ஆனால் தைராய்டு குறைவால் கூடும் எடை பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து கிலோவுக்குள்தான். அதிலும் உப்பும் நீருமே அதிகம். மாத்திரை எடுத்து டிஎஸ்ஹெச் சரியான பிறகும் மீதி இருபது கிலோ இறங்காது. அப்போது மறுபடி ஏச்சு தொடங்கும். உண்மையிலேயே எடையை ஏற்றும் வேறு மருத்துவக் காரணங்களோ பேச்சில் வருவதே இல்லை: மனச்சிதைவுக்கான ஒலான்சபின், வலிப்புக்கான வால்ப்ரோயேட், மூட்டுவாதத்துக்கு மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு, சில சர்க்கரை மாத்திரைகள், இன்சுலின், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. இந்த மாத்திரைகளை மருத்துவரே எழுதிக் கொடுக்கிறார், ஏறிய எடைக்கு மருத்துவரே திட்டுகிறார்.

சான்றிதழ் இருந்தால் இரக்கம், இல்லாவிட்டால் ஏளனம். இந்தக் கோடு அறிவியலில் எங்கும் இல்லை. லெப்டின் இல்லாத குழந்தை ஒரு முனையில் இருந்தால், மறுமுனையில் நல்ல மரபணுவும் நேரமும் காசும் வாய்த்தவர் இருக்கிறார். நாமெல்லாம் நடுவில் ஏதோ ஓரிடத்தில். ஏளனம் மருந்தாகவாவது வேலை செய்கிறதா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நான்காண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வாளர் ஆஞ்சலினா சூட்டின் 2013இல் எழுதினார்: தொடக்கத்தில் பருமன் இல்லாதவர்களில், எடைக்காக இழிவுபடுத்தப்பட்டவர்கள் பின்னர் பருமனாகும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. திட்டித் திருத்தலாம் என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்களோ தெரியாது.

அப்படியானால் தனிமனிதப் பொறுப்பே கிடையாதா? இந்த இடத்தில் பலர் குழம்பிவிடுகிறார்கள். யாரால் வந்தது என்பது ஒரு கேள்வி, இனி யார் என்ன செய்வது என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்த வட்டாரத்துக்கு நல்ல பழக்கம் உண்டு. தோல் கழிவால் பாலாறு கெட்டபோது வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் வந்த தீர்ப்பு, மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்றது. தோல் ஷாப்புகளுக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. கிணற்று நீரைக் குடித்தவரிடம், நீ ஏன் பார்த்துக் குடிக்கவில்லை என்று நீதிமன்றம் கேட்கவில்லை. ஒவ்வொரு தோல் ஷாப்பும் தனியாகச் சுத்திகரிக்க முடியாது என்பதால் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. மேல்விஷாரத்திலும் ஒன்று இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை குடிக்கிறவர் சும்மா இருக்கவும் முடியவில்லை, வேறு தண்ணீர் தேடத்தான் வேண்டியிருந்தது. தேட வேண்டியிருந்ததால் குற்றம் அவருடையது ஆகிவிடவில்லை.

உடம்பு விஷயத்திலும் தேடலுக்குப் பலன் உண்டு. பலனைத் தப்பான இடத்தில் அளக்கிறோம் என்பதுதான் சிக்கல். இதற்கான சிறந்த சான்று சென்னையிலிருந்தே வந்தது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்தது. எதுவும் செய்யாமல் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் 39.3 சதவீதம். 2006இல் வெளியான இந்த ஆய்வில் என்னை நிறுத்தியது இன்னொரு வரி: பலன் பெற்றவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. தினமும் அரை மணி நடந்தவர் எடைமெஷினில் ஏறி, அதே எண்ணைப் பார்த்து, “நமக்கு இது ஒத்துவராது” என்று செருப்பைக் கழற்றி மூலையில் போட்டிருப்பார். அவருடைய தசையும் இன்சுலினும் அதற்குள் நன்றாகவே வேலை செய்யத் தொடங்கியிருக்கும். மெஷினுக்கு அது தெரியாது.

பட்டினி போட்டு வேகமாக இளைத்தவருக்கு நேர்வதும் இப்போது தெரியும். அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைகுறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட பதினான்கு பேரை ஆறாண்டு கழித்து மறுபடி அளந்தார்கள். சராசரியாக 58 கிலோ இழந்திருந்தவர்கள் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் கலோரி, அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்கு 500 குறைவாகவே நின்றுவிட்டது. கணக்குப்பிள்ளை ஆறு வருடமாகியும் பஞ்சக் கணக்கை மூடவில்லை. நோன்பின் ஒரு கிலோ ஏன் திரும்புகிறது என்பதற்கான பதிலும் இதே பேரேட்டில்தான் இருக்கிறது. மணிக்கணக்கில் வாயைக் கட்ட மனம் போதும். வருடக்கணக்கில் கட்டுவது மனதின் கையில் மட்டும் இல்லை.

இதனால்தான் புதிய எடைகுறைப்பு ஊசிகளுக்கு இவ்வளவு பரபரப்பு. 2025 மார்ச்சில் மௌஞ்சாரோவும் ஜூனில் வீகோவியும் இந்தியாவுக்கு வந்தன. குடல் ஹார்மோன்களைப் போல நடித்து, மூளைக்கு ‘போதும்’ என்ற சேதியைச் சொல்பவை. போட்டவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: சாப்பாட்டைப் பற்றிய ஓயாத நினைப்பு நின்றுவிட்டது. அந்த நினைப்பு ஒருபோதும் இல்லாதவர்களே இத்தனை காலம் மனவுறுதியைப் பற்றி உபதேசம் செய்துவந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊசியை நிறுத்திய ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்புகிறது. உடனே, “பாத்தீங்களா, குறுக்கு வழி நிலைக்காது” என்கிறார்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்தினாலும் பிரஷர் ஏறும்; அதற்காக மாத்திரை குறுக்கு வழி என்று யாரும் சொன்னதில்லை.

என் கவலை வேறு. வீகோவியில் உள்ள செமக்ளூடைட் மருந்துக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான்; அதன் பிறகு உள்நாட்டுக் கம்பெனிகளின் மலிவான ஊசிகளுக்கு வழி திறக்கிறது. விலை இறங்குவது நல்லதுதான். ஆனால் இந்த ஊசிகளால் குறையும் எடையில் கொழுப்பு மட்டும் இல்லை, கணிசமான பங்கு தசையும் சேர்ந்து போகிறது. தசை ஏற்கெனவே குறைவாக உள்ள யாஜ்னிக் உடம்புகள் நம்முடையவை. 2025 ஜனவரியில் லான்செட் குழுமம் ஒன்று, பிஎம்ஐ எண்ணை மட்டும் பார்த்துப் பருமனை நோய் என்று முடிவுகட்டக் கூடாது, இடுப்பை அளக்க வேண்டும், உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்றது. இந்திய மருத்துவர்களும் அதே மாதம் தங்கள் வரையறையை அதே திசையில் திருத்தினார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது நமக்கான எல்லை. ஊசி எழுதுவதற்கு முன் அந்த அளவை எடுத்தார்களா, ஈரல் கொழுப்பும் சர்க்கரையும் பார்த்தார்களா, புரதத்துக்கும் தசைப் பயிற்சிக்கும் வழி சொன்னார்களா, நிறுத்தினால் என்ன செய்வது என்று பேசினார்களா என்று நோயாளி கேட்க வேண்டும். ஸ்டிச்சிங் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இதையெல்லாம் கேட்க ஐந்து நிமிடமாவது ஒதுக்குகிற மருத்துவர் கிடைக்க வேண்டும்.